இறந்துபோனவரின் லாகின்

திரையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கு முதலில் பயம்கூட வரவில்லை. எங்கேயோ எதையோ தப்பாக இணைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். எங்கள் கம்பெனி லாகின் பட்டியலில் அன்று காலை முதல் ஆளாக உள்ளே வந்திருந்தவர், கோடை தொடங்கும் முன் நாங்கள் எல்லோரும் போய் மண் போட்டுவிட்டு வந்த மனிதர்.

முந்தைய நாள் பட்டியலைத் திறந்தேன். அதிலும் இருந்தார். அதற்கு முந்தைய நாளும் இருந்தார். விரலால் உருட்டிக்கொண்டே பின்னோக்கிப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை, மற்ற நாளெல்லாம் இருந்தார். அவர் இறந்த வாரம் மட்டும் காலியாகக் கிடந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒன்றும் நடக்காததுபோல் மறுபடியும் வரத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

செகந்தராபாத்துக்குப் பக்கத்தில் சனத்நகரில், பழைய தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது எங்கள் கம்பெனி. விமானங்களுக்குள் வைக்கும் மின்னணுப் பெட்டிகளுக்கு அலுமினியக் கூடுகள் கடைந்து கொடுக்கிறோம். ஒரு முடியின் பருமனில் சிறு பங்கு கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே கணினி சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு. முன்பெல்லாம் சாமான் அறைக்குப் பக்கத்தில் ஒரு ஏசி அறையில் இருந்த சர்வர்தான் எங்கள் மொத்த உலகம். ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது பாதியை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் தரும் வரைபடங்கள் மட்டும் எங்கள் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் வரைபடங்கள் உள் சர்வரில். மெயில், விலைப்புள்ளி, அளவு ரிப்போர்ட் எல்லாம் க்ளவுடில். இரண்டுக்கும் நடுவே கோப்புகள் தாமாகப் போய்வந்துகொண்டிருக்கும். பெரிய கம்பெனிகள் இதை ஹைப்ரிட் க்ளவுட் என்று சொல்லும். எங்கள் முதலாளி 'கொஞ்சம் இங்க, கொஞ்சம் அங்க' என்பார்.

இறந்துபோனவர் எங்கள் தரப் பிரிவின் தலைவர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'குவாலிட்டி சார்'. நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். இரண்டு குடும்பங்களும் செகந்தராபாத்தில் பல காலமாக இருப்பவை. அவர்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகள், நாங்கள் கத்தோலிக்கர்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டுப் பலகாரமும் இடம் மாறும். பல வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவருடைய கணக்கை மூட வேண்டும் என்று அப்போதே நான் கேட்டேன். "கஸ்டமர் மெயில் இன்னும் அதுக்குத்தான் வருது, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். பிறகு மென்பொருளைப் புதுப்பித்தபோதுதான், யார் எப்போது எங்கிருந்து உள்ளே வருகிறார்கள் என்கிற பட்டியல் என் கைக்கே கிடைத்தது. பயன்படாத கணக்குகளை நீக்கலாம் என்று அன்று உட்கார்ந்தேன். பயன்படாதது என்று நான் முதலில் நினைத்த கணக்குதான் எல்லோரையும்விட ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

லேப்டாப்பைக் கையிலேயே தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவர் பொதுத்துறை ஆலையில் நீண்ட காலம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இந்தக் கம்பெனியைத் தொடங்கிய தஞ்சாவூர்க்காரர். டீயைக் குடித்துக்கொண்டே பட்டியலைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"என்னம்மா இது? யாரோ அவர் பேர்ல திருடுறாங்களா?"

"தெரியல சார்."

"ட்ராயிங்ஸ்?"

"அது உள்ள இருக்கு சார், வெளியிலேர்ந்து யாராலும் தொட முடியாது. ரிப்போர்ட் ஃபோல்டர் மட்டும்தான் திறந்திருக்காங்க."

"திறந்து என்ன பண்ணியிருக்காங்க?"

அதைத்தான் நானும் அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். "எழுதியிருக்காங்க சார். ரிப்போர்ட்டெல்லாம் அந்த லாகின்லேர்ந்துதான் எழுதியிருக்கு. நாம கஸ்டமருக்கு அனுப்பின எல்லாமே."

டம்ளரை நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன்.

எங்கள் வேலை முறையை இங்கே சொல்ல வேண்டும். அளவெடுக்கும் இயந்திரம் ஒவ்வொரு கூட்டையும் தொட்டுத் தொட்டு எண்களைக் கக்கும். அந்த எண்கள் உள் சர்வரிலிருந்து க்ளவுடுக்குத் தாமாகப் போய்விடும். யாராவது அந்த எண்களைப் பார்த்து, எது அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்து, குறிப்பு எழுதி ரிப்போர்ட் ஆக்க வேண்டும். அது மறுபடியும் உள்ளே வந்து பிரிண்டரில் இறங்கும். கையெழுத்துப் போட்டுச் சரக்கோடு அனுப்புவோம். அண்ணன் இருந்தவரை அந்த 'யாராவது' அவர்தான். அவர் போன பிறகு அவருக்குக் கீழே இருந்த இன்ஸ்பெக்டர் செய்கிறார் என்று முதலாளி நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டோம். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், பாலாநகரிலிருந்து பைக்கில் வருகிற தெலுங்குக்காரர். எங்களோடு பேசும்போது தெலுங்கு, ஹிந்தி, தமிழ் மூன்றையும் கலந்துகொள்வார்.

"ரிப்போர்ட் யார் போடறாங்க?" என்று முதலாளி கேட்டார்.

"நான் சைன் போடறேன் சார்."

"சைன் இல்லப்பா. எழுதறது யாரு?"

அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "சாஃப்ட்வேர்தானே மேடம்?"

"என்னது?"

"ஹவ், ஆமா மேடம். நீங்கதானே மீட்டிங்ல சொன்னீங்க, க்ளவுட் வந்தாச்சு, இனிமே பாதி வேலை ஆட்டோமேட்டிக்னு. டெய்லி காலைல வந்தா ரிப்போர்ட் ரெடியா இருக்கு. நான் சைன் போட்டு அனுப்பறேன்." பிறகு மனத்தில் இருந்ததை அப்படியே சொன்னார்: "சாஃப்ட்வேர் ரொம்ப நல்லா இருக்கு சார். தப்பே பண்ணாது."

முதலாளி நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். நான் ரிப்போர்ட்டுகளின் குறிப்புப் பகுதிகளை மட்டும் படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தன. 'இந்தத் துளையை மறுபடி அளக்கவும், கருவி தேய்ந்திருக்கலாம்.' 'போன முறையும் இதே மூலையில்தான் வந்தது.' இன்னொன்றில், 'அவசரப்பட்டு இந்தச் சரக்கை அனுப்ப வேண்டாம், தயவுசெய்து.' எந்த மென்பொருள் தயவுசெய்து என்று கெஞ்சும்? அந்தக் குறிப்புகளுக்கெல்லாம் இன்ஸ்பெக்டர் கீழ்ப்படிந்திருக்கிறார். மறுபடி அளந்திருக்கிறார், கருவியை மாற்றியிருக்கிறார். எங்கள் பட்டறை மாதக்கணக்கில் யாரென்றே தெரியாத ஒருவர் சொல்வதைக் கேட்டு நடந்திருக்கிறது.

எந்தக் கருவியிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தேன். அண்ணனுக்குக் கம்பெனி கொடுத்த லேப்டாப். அதைத் திருப்பி வாங்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சாவு வீட்டில் போய் லேப்டாப் கேட்பதா என்று விட்டிருந்தோம்.

அன்று மத்தியானமே முதலாளியின் காரில் மெட்டுகுடாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. வழியில் அவர், "கஸ்டமருக்குத் தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுதும்மா" என்றார்.

அண்ணனின் மகள் கதவைத் திறந்தாள். கல்லூரி கடைசி வருடம் படிக்கிறவள். எங்களைப் பார்த்ததும், "மம்மீ லோபல உந்தி ஆன்ட்டி, ரண்டி" என்றாள்; அம்மா உள்ளேதான் இருக்கிறாள், வாருங்கள் என்று. நான் தமிழில் பேசினால் அவள் எப்போதுமே தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதலாளியையும் என் கையிலிருந்த லேப்டாப்பையும் பார்த்தார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"தெரிஞ்சு போச்சா?" என்றார்.

முதலாளிதான் பேசினார். "நீங்களாம்மா?"

"ஆமா சார். நாந்தான்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஈரமாக இல்லை. "என்னைக்காவது ஒரு நாள் உள்ள விடமாட்டாகன்னு நினைச்சேன். தினம் காலைல திறக்கும்போதெல்லாம், இன்னைக்கு அடைச்சிருப்பாகன்னுதான் திறப்பேன். திறந்துக்கிட்டே இருந்துச்சு."

"ஃபோனுக்கு ஒரு நம்பர் வருமே அக்கா? அதைப் போட்டாத்தானே உள்ள போக முடியும்?" என்று கேட்டேன்.

அலமாரியைக் காட்டினார். அண்ணனின் ஃபோன் அங்கே சார்ஜில் இருந்தது.

"ஆனா உங்களுக்கு எப்படிம்மா இந்த வேலை தெரியும்?" என்றார் முதலாளி. "அவர் எப்பவாவது சொல்லிக் கொடுத்தாரா?"

அக்கா மகளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அவுக சொல்லிக்குடுக்கல சார். அவுகளுக்குக் கண்ணு தெரியல."

முதலாளி "என்ன?" என்றார். நானும் அதே சமயத்தில் அதையே கேட்டேன்.

"சக்கரை. ஊரடங்குக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டு. ஆளு தெரியும், வழி தெரியும், பெரிய எழுத்துன்னா தெரியும். சின்ன நம்பரு தெரியாது. ஆபீஸ்ல சொன்னா வேலை போயிரும்னு பயந்தாக. அப்பதான் வீட்லேர்ந்து வேலைன்னு வந்துச்சு. அவுக சொல்ல நான் பார்த்து எழுதினேன். நான் பி.எஸ்சி. கணக்கு சார், கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்கூல்ல நடத்திக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நாள்ல அவுக சொல்லவேண்டியதே இல்லாமப் போச்சு. திரும்ப ஆபீஸ் தொறந்த பெறகும் காலைல அவுக கிளம்பறதுக்கு முன்னாடி நான் ரிப்போர்ட்ட முடிச்சிருவேன். எதெது சரியில்லன்னு வாசல்ல நின்னு சொல்லுவேன். அவுக கேட்டுக்கிட்டுப் போவாக."

நான் அந்த மனிதரின் எதிரில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். என் மனம் தானாகவே ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தது. கேன்டீனில் "நீயே ஆர்டர் பண்ணும்மா" என்பார். கூட்டங்களில் காகிதத்தைப் பார்க்காமலே எண்களைக் கடகடவென்று சொல்வார். என்ன ஞாபகசக்தி என்று நாங்கள் வியப்போம். கூட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் ஓரங்களைத் தடவிப் பார்ப்பார், அனுபவம் என்போம். அவ்வளவும் பார்வை மங்கிப்போன ஒருவர் செய்தது. கேட்காமலே அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கண் தெரியாது என்பது எனக்கே தெரியாதே என்று தெலுங்கில் கத்தினாள். பிறகு, "நுவ்வு ரோஜூ ப்ரேயர் வின்ட்டுன்னாவனி அனுகுன்னா மம்மீ!" என்றாள். தினமும் காலையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அம்மா ஆன்லைனில் ஜெபம் கேட்கிறாள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"அதுவும் கேப்பேன்மா" என்றார் அக்கா. "முடிச்சிட்டுக் கேப்பேன்."

முதலாளிக்குக் கோபம் வந்தது. அது இயற்கைதான். "அவர் இருந்தவரைக்கும் சரிம்மா, ஏதோ பயம்னு வச்சுக்குவோம். அவர் போன பிறகு ஏம்மா? இது டிஃபென்ஸ் வேலை. வெளி ஆள் ஒருத்தர் அளவைப் பார்த்தாங்கன்னு தெரிஞ்சாலே எங்களைக் கேள்வி கேப்பாங்க. எத்தனை குடும்பம் அதுல பிழைக்குது தெரியுமா?"

"தெரியும் சார். தப்புதான்" என்றார். "அடக்கம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் ஊருக்குப் போனாங்க. திங்கக்கிழமை காலைல எப்பவும் போல எந்திரிச்சிட்டேன். என்ன செய்யன்னு தெரியல. சும்மா திறந்து பார்த்தேன். ஒரு வாரத்து நம்பரெல்லாம் வந்து கிடக்கு. யாரும் தொடல. அவுக பேர்ல இருக்கிற ஃபோல்டர்ல அப்படிக் கிடக்கேன்னு முடிச்சு வச்சேன். யாராவது கேப்பாகன்னு பார்த்தேன், கேக்கல. மறுநாளும் நம்பர் வந்துச்சு."

முதலாளி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. ஒரு மனிதர் செத்துப்போய், அவர் வேலையை யார் செய்கிறார்கள் என்று அவர் கம்பெனியே கேட்கவில்லை. நாங்கள் அவ்வளவு பேர் இருந்தும் கேட்கவில்லை. அந்த அதிர்ச்சி அவருக்கும் அப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும். திரும்பியபோது குரல் தணிந்திருந்தது.

"லேப்டாப்பைக் குடுத்துருங்கம்மா. இந்த நிமிஷம் கணக்கை மூடணும். வேற வழியில்ல."

"எடுத்துக்கோங்க சார்."

நான் அங்கேயே, அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கணக்கை மூடினேன். நிச்சயமாக மூட வேண்டுமா என்று திரை கேட்டது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அமுக்கும்மா" என்றார். அமுக்கினேன். அழுதது நான்தான், அவர் அழவில்லை.

முதலாளி இதை மறைக்கப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மறைக்கவில்லை. முதலில், எங்களிடம் மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த கூடுகளையெல்லாம் மறுபடி அளக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டரும் வேறு பிரிவிலிருந்து வந்த இருவரும் இரவு பகல் பாராமல் அளந்தார்கள். இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில் இரண்டு எண்கள் இடம் மாறி அடிக்கப்பட்டிருந்தன. கூட்டில் குறை இல்லை. அந்த முடிவுகளை எடுத்துக்கொண்டு முதலாளி தாமே வாடிக்கையாளரின் தர அதிகாரியைப் பார்க்கப் போனார். வரும்போது பத்து வயது கூடினவர்போல் வந்தார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"அவர் நம்ம ரிப்போர்ட்டையெல்லாம் ஒவ்வொண்ணாப் புரட்டிப் பார்த்தாரும்மா. அப்புறம், 'அந்த அம்மா எழுதின ரிப்போர்ட்டைத்தான் நாங்க மத்த கம்பெனிக்கு மாதிரியாக் காட்டிக்கிட்டிருந்தோம்'னாரு."

தண்டனை இல்லாமல் போகவில்லை. எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வெகுகாலம் எங்கள் சரக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள். புது வேலை எதுவும் தரவில்லை. ஒருவர் விலகினால் அன்றே கணக்கை மூடுவது, ரிப்போர்ட்டைப் பட்டறைக்குள்ளிருந்து மட்டுமே எழுதுவது என்று நான் எல்லாவற்றையும் புதிதாக அமைத்தேன். கூட்டங்களில் 'ஆட்டோமேட்டிக்' என்கிற சொல்லை நான் இப்போது எடுப்பதே இல்லை.

கெடுபிடி கொஞ்சம் அடங்கியதும் முதலாளி அக்காவைக் கம்பெனிக்கு வரச் சொன்னார். செய்த வேலைக்கு உரியதை அவர்கள் தனியாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். பிறகு நான் அவரைப் பட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. இன்ஸ்பெக்டர் ஓடிவந்து கைகூப்பிவிட்டு, முடித்து வைத்திருந்த ஒரு கூட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா?" என்றார். "இத்துனூண்டா?"

"ஆமாக்கா. ஏன்?"

"நம்பரெல்லாம் மில்லிமீட்டர்னு தெரியும். இருந்தாலும் பெருசா, ஒரு பீரோ கணக்காத்தான் மனசுல நினைச்சு வச்சிருந்தேன். எத்தனை வருஷம்..." ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே நின்றார். இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலாளி அவருக்குத் தரப் பிரிவிலேயே வேலை தருவதாகச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவர் ஒத்துக்கொள்வார் என்றே இருந்தோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், மறுவாரம் வந்து மரியாதையாக மறுத்துவிட்டார்.

"கோச்சுக்காதீங்க சார். இங்க வந்தா நான் அவுக சேர்லதான் உக்காரணும். எல்லாரும் என்னைப் பார்க்கும்போது அவுகளத்தான் பார்ப்பாக. எனக்கு அது நக்கோ, வேண்டாம்."

முதலாளிக்கு வருத்தம்தான். ஆனாலும் தாமே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அக்கா இப்போது பாலாநகரில் வேறொரு பட்டறையில் அளவு பார்க்கிறார். மகள் இன்னும் தெலுங்கில்தான் பதில் சொல்கிறாள். ஆனால் காலையில் அம்மாவை மெட்ரோ ஸ்டேஷன்வரை ஸ்கூட்டியில் கொண்டுவிடுகிறாள்.

வேலையில் சேர்ந்த அன்று அக்கா என்னை ஃபோனில் கூப்பிட்டார். பின்னால் கடைசல் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"ஏம்மா, இங்க என் பேர்ல லாகின் குடுத்திருக்காக. பாஸ்வேர்டு நீங்களே வச்சுக்கோங்கன்னாங்க. என் பேரையே பாஸ்வேர்டா வச்சிட்டேன். பரவால்லியா?"

"ஐயோ அக்கா, உடனே மாத்துங்க!" என்றேன்.

"மாத்துதேன், மாத்துதேன்" என்றார். "இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்."